இரண்டாவது டின்

பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். சைட் ஆபீஸ் போனில் பேசலாம் என்றால் பின்னால் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் முன்னால் கத்த வேண்டாமே என்று கடிதம்.

என் வண்டியின் டேங்க் போச்சு.

நேற்று சுரங்க வாசலில் நின்று கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றினேன். புனல் சரிந்து மூடிக்கு வெளியே கொஞ்சம் வழிந்தது. உள்ளங்கை அளவுகூட இருக்காது. துணியால் துடைத்தால் துணியெல்லாம் சிவப்பு! பெயிண்ட் பாலேடு மாதிரி சுருங்கிக்கொண்டு வருகிறது. விரலை வைத்தேன், தோலாக உரிந்து கையோடு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெல்டர், "என்ன தலைவரே, வண்டிக்குத் தேமலா?" என்கிறான். சிரித்தவன்களில் பாதிப் பேருக்கு சைக்கிள்கூடக் கிடையாது.

பெட்ரோல் டேங்குக்கு அடித்த பெயிண்ட் பெட்ரோலைத் தாங்காதாம். மழையில் கரையும் குடையை எவனாவது விற்பானா? நம் சோடாவின் வண்டிப் பட்டறையில் மாப்பிள்ளை அடித்த வண்டியைப் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதன் அந்தச் சோடா. "உன் தங்கச்சி வீட்டுக்காரர் கையில ஏதோ இருக்குடா" என்று அவனே சொல்லியிருக்கிறான். அந்தக் கையா இந்த வேலையைச் செய்தது? சொந்த மச்சான் வண்டி என்றால் இளக்காரமா?

டேங்கைக் கழற்றிவிட்டேன். இப்போது ஹேண்டில்பாரில் ஒரு கேனைத் தொங்கவிட்டு அதிலிருந்து டியூப் போட்டு ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே நடக்கிற நோயாளி மாதிரி இருக்கிறது. என்ன பெயிண்ட் அடித்தார் என்று கேட்டு எழுது. இந்தத் தடவை பெட்ரோலில் ஊறப் போட்டாலும் அசையாத பெயிண்டாகத் தேர்ந்தெடுக்கச் சொல். சரக்கு லாரி வரும்போது டேங்கைக் கொடுத்தனுப்புகிறேன்.

கோபத்தோடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பாசத்தோடும்,
அண்ணன்.


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் தூசியில் நிற்பவர், தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேங்க் விஷயம் படித்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்குக் கொஞ்சம் சளி, அதனால் நான் எழுதுகிறேன். இப்போது பட்டறையில் வேலை நெருக்கடி. உங்கள் டேங்கைக் கையில் எடுக்க நாளாகும். அதனால் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். அங்கேயே பக்கத்தில் யாராவது நல்ல பெயிண்டர் இருந்தால் கொடுத்துவிடுங்கள். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

இளக்காரம் எல்லாம் இல்லை. அந்தச் சொல் வேண்டாம் அண்ணா.

அண்ணியை நேற்று கடையில் பார்த்தேன், நன்றாக இருக்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது.

வணக்கத்துடன்,
தங்கை.


மார்ச் 1

தங்கைக்கு,

நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ தோட்டத்தையே மறைத்திருக்கிறாய்.

சோடாவுக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளைக்கு வேலை நெருக்கடி என்றாயே, அதைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கச் சொல்லலாம் என்று. அவன் சொன்னான்:

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்டா இருந்தேன். உன் மாப்பிள்ளைய வருஷக் கடைசியிலயே வெளியில அனுப்பிட்டேன். ஹார்டனர் டின்னு ஒண்ணொண்ணா காணாமப் போச்சு. வெளியில வித்திருக்காரு. வேற எவனாவது இருந்தா விட்டிருப்பேனா? உன் முகத்துக்காகத்தான் விட்டேன்."

எனக்குக் கூசிப்போய்விட்டது. பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்பதுகூட மறந்துவிட்டது.

அப்புறம் அவனே விளக்கினான். பெட்ரோலைத் தாங்கும் பெயிண்ட் இரண்டு டின்னாக வருமாம். ஒன்றில் பெயிண்ட், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டையும் கலந்து அடித்தால்தான் கல்லாக இறுகும். இரண்டாவது டின் சேராவிட்டால் பார்க்கப் பளபளக்கும், பெட்ரோல் பட்டால் பல்லிளிக்கும். ஆக, இரண்டாவது டின்னைக் கடைத்தெருவில் விற்றுவிட்டு, முதல் டின்னை என் தலையில் கட்டிவிட்டார் உன் வீட்டுக்காரர்.

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வேலையில் சேர்த்துவிட்டவன் நான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தால் அந்தக் கரி என் முகத்திலும்தானே? உன் அண்ணிக்கும் எழுதிவிட்டேன். அவளிடம் சொன்னால் அம்மாவுக்கும் தெரியும். தெரியட்டும்.

நீ பதில் எழுத வேண்டாம். அவரை எழுதச் சொல்.

அண்ணன்.


மார்ச் 7

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நானும் இல்லை.

அந்த டேங்கை அடித்தது அவர் இல்லை. நான்.

இன்னொரு தடவை படியுங்கள். உரிந்தது, சுருங்கியது, தேமல் வந்தது எல்லாம் உங்கள் தங்கையின் கைவேலை. மொட்டை மாடியில், கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பாவை வாங்கிவந்து அடித்தேன். அவர் கீழே அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காய்ந்த பிறகு ஒவ்வொரு பூச்சையும் கொண்டுபோய்க் காட்டுவேன். "இங்க வழிஞ்சிருக்கு, தேச்சுட்டு மறுபடி அடி" என்பார். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவார்.

சளி இல்லை அண்ணா. உங்கள் சோடாவின் பெயிண்ட் அடிக்கிற அறையைப் பார்த்திருக்கிறீர்களா? நாலு சுவர், ஒரு கதவு, ஓடாத ஒரு ஃபேன். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்க வேண்டும். அந்த இரண்டாவது டின்தான் அவர் நெஞ்சைத் தின்றது. ஒரு வருஷமாக இருமிக்கொண்டிருந்தார். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டுக் கிடந்தவரை, தகரம் தட்டுகிற டிங்கர்தான் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். டாக்டர் சொன்னார்: "இனிமே அந்த டின் திறந்திருக்கற இடத்துல ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது. அடுத்த தடவை வந்தா இங்க கொண்டுவர நேரம் இருக்காது."

அவர் பட்டறைக்குப் போய் இரண்டே விஷயம் கேட்டார். தனக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை. பெயிண்ட் அடிக்கப் போகிற ஆளுக்கு, வெளியிலிருந்து குழாயில் காற்று வருகிற முகமூடி. உங்கள் சிநேகிதர் சொன்ன பதில்: "இத்தனை வருஷம் அடிச்சவருக்கு இப்பத்தான் மூக்கு முளைச்சுதா?" மறுநாள் அவர் திருடனாகிவிட்டார். திருடன் சொல்வதை மற்ற வேலையாட்கள் கேட்க மாட்டார்கள் பாருங்கள்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "மச்சானுக்கு அவர் சிறுவயசு சிநேகிதம், நம்மால கெட வேண்டாம்" என்றார். அந்த மனிதரைத்தான் இரண்டகம் செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான் வண்டி என்று டேங்கைத் தானே அடிக்கப் போனவரை, மாடிப்படியில் குறுக்கே நின்று தடுத்தேன்.

அம்மா நேற்று என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனார். உள்ளே வரவில்லை. உங்கள் கடிதம் நன்றாக வேலை செய்கிறது.

தங்கை.


மார்ச் 20

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் இருவரும்.

முதலில் சளி என்றாய். இப்போது மூச்சு என்கிறாய். முதலில் வேலை நெருக்கடி, இப்போது வேலையே இல்லை. நான் எதை நம்புவது? சோடாவிடம் திரும்பக் கேட்டேன். "பெயிண்டருன்னா இருமத்தான்டா செய்வான், மாவு மில்லுக்காரன் தும்மறதில்லையா?" என்றான். எனக்கு அவனைப் பால் பல் விழாத காலத்திலிருந்து தெரியும். பல்லாலேயே சோடா பாட்டிலைத் திறந்து எனக்குப் பாதி கொடுத்தவன். ஒரு கடிதத்தை வைத்து அவனைப் பொய்யன் என்று எப்படிச் சொல்ல?

நீ டேங்க் அடித்தாய் என்பதையும் நம்ப முடியவில்லை. உனக்குப் பொட்டுக்கூட நேராக வைக்க வராது.

சரி, அது போகட்டும். சண்டை வேண்டாம். டேங்கை லாரியில் அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு பெட்டி வரும். பெட்ரோலைத் தாங்கும் அசல் பெயிண்ட், இரண்டு டின்னும் சேர்த்து. சோடாவிடம் பெயர் கேட்டு இங்கேயே டவுனில் வாங்கினேன். மாப்பிள்ளைக்கு முடிந்தபோது நிதானமாக அடிக்கட்டும். அவசரமில்லை.

அண்ணன்.


மார்ச் 24

அண்ணாவுக்கு,

லாரிக்காரர் உங்கள் பெட்டியை என் வீட்டுக்காரர் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார். "மச்சான் ஏதோ குடுத்தனுப்பியிருக்காரு" என்று அவரே ஆசையாகப் பிரித்தார். மேலே இருந்த பேப்பரை எடுத்ததும் இரண்டாவது டின் தெரிந்தது. மூடி திறக்கவில்லை, வாசனை வரவில்லை. ஆனால் அவர் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். தெருவில் நாய் துரத்திய குழந்தை சுவரோடு ஒட்டிக்கொள்வது போல. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. முதல் தடவையாகக் காட்டியதற்கு உங்களுக்கு நன்றி.

நீங்கள் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. கெட்டவர் என்றால் ஒரே மூச்சில் தலைமுழுகிவிடலாம். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, "அவசரமில்லை, நிதானமாக" என்று எழுதுகிறீர்களே, அதற்கு என்ன செய்ய?

பெட்டியை ஓடிப்போய் அதே லாரியில் ஏற்றிவிட்டேன். வந்து சேர்ந்திருக்கும்.

டேங்கை மட்டும் தர மாட்டேன். அது என் கையில் உரிந்தது, என் கையால்தான் சரியாக வேண்டும். எந்தப் பெயிண்ட் தாங்கும் என்று நானே பார்க்கிறேன். தகர மூடிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயிண்ட் அடித்து, மாடியில் வரிசையாக வைத்து, பெட்ரோலில் நனைத்த பஞ்சை மேலே வைத்திருக்கிறேன். பெயிண்ட் கடைக்காரர், "வீட்ல அவர வரச் சொல்லும்மா, இதெல்லாம் ஒனக்குப் புரியாது" என்றார். "அவருக்குப் புரிஞ்சதாலதான் வீட்ல உக்காந்திருக்காரு" என்றேன்.

பொட்டு நேராக வைக்கத் தெரியாத,
தங்கை.


ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

தாங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பேசும்போதுதான் மூச்சு வாங்குகிறது. எழுதும்போது வாங்குவதில்லை. அதனால் சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நெஞ்சு போனதற்கு நான் உங்களிடம் கோபப்படவில்லை. அந்த வேலையில் சேர்த்துவிட்டது நீங்கள். அதைச் செய்தது நான். காற்று இல்லாத அறை என்று தெரிந்தேதான் உள்ளே போனேன். பத்துப் பேர் வண்டி பளபளக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு பைத்தியம் இருந்தது.

எனக்குக் கோபம் வேறு. பட்டறை முற்றத்தில், வேலையாட்கள் எல்லோரும் நிற்க, வண்டி வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நிற்க, உங்கள் சிநேகிதர் என்னைத் திருடன் என்றார். அப்போது எனக்கு மூச்சு திணறிக்கொண்டிருந்தது. "இல்லை" என்று சொல்ல வாய் திறந்தேன், இருமல்தான் வந்தது. பார்த்தவர்கள் அதைப் பயம் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஒரு "இல்லை" இன்னும் என் தொண்டையில் கிடக்கிறது.

அதே சொல்லை நீங்கள் வாங்கி, அண்ணிக்கு அனுப்பி, அத்தைக்கு அனுப்பி, என் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள்.

எனக்கு வேலை வேண்டாம். உதவி வேண்டாம். எங்கே சொன்னார்களோ அங்கேயே அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அது நடக்கும்வரை இந்த வீட்டுக்கு நலம் விசாரித்துக் கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்.


ஜூன் 11

அண்ணாவுக்கு,

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. அவர் கடிதத்துக்குப் பதில் இல்லை. நலம் விசாரிக்க வேண்டாம் என்று எழுதினார். வாயே திறக்க வேண்டாம் என்று எழுதவில்லை.

போன வாரம் ஊருக்கு வந்துவிட்டுப் போனீர்களாமே! அண்ணி சொன்னார். காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிட்டீர்களாம். என் வீட்டுக்கு மூன்று தெருதான். வழி மறந்துவிட்டதா, இல்லை திருடன் வீடு என்று ஒதுங்கிப் போனீர்களா? அண்ணியிடம் வேறு எதுவும் நான் கேட்கவில்லை. உங்கள் வாயிலிருந்து வராததை இன்னொருவர் வாயிலிருந்து கேட்க எனக்கு இஷ்டமில்லை.

டேங்கைக் கேட்க வந்திருந்தால் சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ரே டப்பா பெயிண்ட் பஞ்சு வைத்தவுடனேயே கரைந்தது. பிரஷ்ஷால் பூசுகிற எனாமல் கொஞ்சம் பிடிவாதமாக நின்றது. ஒருநாள் ஊறியதும் நகத்தால் கீறினால் வந்துவிட்டது. அடுப்பில் சூடு காட்டியும் பார்த்தேன், நிறம்தான் கறுத்தது. கடைசியில் பெயிண்ட் கடையில் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பழைய தகட்டைக் கேட்டு வாங்கி வந்தேன், இரண்டு டின் கலந்து அடித்தது. அதன் மேல் பஞ்சு காய்ந்தது, திரும்ப நனைத்தேன், திரும்பக் காய்ந்தது. தகடு அப்படியே சிரித்தது. எனக்கு அதைத் தெருவில் விட்டெறியத் தோன்றியது. எது தாங்குமோ அது ஆளைக் கொல்கிறது. எது கொல்லாதோ அது தாங்குவதில்லை.

அவரிடம் சொன்னேன். "டின்னு மேல ஏன் கோவப்படற? அது அது வேலையைத்தான் செய்யுது," என்றார். "காத்து குடுக்காத ஆள் மேல கோவப்படு."

ஊரின் மறுகோடியில் ஒரு பட்டறையில் குழாய்க் காற்று முகமூடி இருக்கிறது. அங்கே உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்திருக்கிறேன். அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு அடிக்கக் கற்றுக்கொண்டுதான் உங்கள் டேங்கைத் தொடுவேன்.

தங்கை.


ஜூன் 19

தங்கைக்கு,

நலம் விசாரிக்கவில்லை. உத்தரவு அப்படி.

மாப்பிள்ளை கடிதத்தைப் பல நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். எங்கள் சைட்டில் முகமூடி போடாதவனைச் சுரங்கத்துக்குள் விடுவதில்லை. நாங்கள் அதைப் போட்டுக்கொண்டு, போடச் சொன்ன அதிகாரியைத் திட்டிக்கொண்டே உள்ளே போவோம். ஒருநாள் பொக்லைனில் உட்கார்ந்து முகமூடியை மாட்டும்போது கை நின்றுவிட்டது. லீவு போட்டுவிட்டு வந்தேன்.

நேராகச் சோடா பட்டறைக்குத்தான் போனேன். கட்டிப் பிடித்தான், டீ வரவழைத்தான். உள்ளே பெயிண்ட் அடிக்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். புதுப் பெயிண்டர் ஒருவர், மூக்கில் கைக்குட்டை. உள்ளே கால் வைத்ததும் என் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். ஃபேன் மேல் சிலந்தி வலை. சுவரில் ஆணியில் ஒரு முகமூடி தொங்குகிறது, குழாயோடு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

"இது என்னடா?" என்றேன்.

"அது செக்கிங் வர்றப்போ காட்டறதுக்கு" என்றான். கூச்சமே இல்லாமல்.

எனக்கு எங்கோ சூடேறியது. முற்றத்துக்கு இழுத்து வந்தேன். வேலையாட்கள் எல்லோரும் பார்க்க, "எந்த டின்னுடா காணாமப் போச்சு? எத்தன டின்னு? இவங்க முன்னாடி சொல்லு" என்றேன். அவன் டிங்கரைப் பார்த்தான். டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "எதுவும் காணாமப் போகலங்க. அவர வெளிய இழுத்துப் போட்டவன் நான்தான்" என்றார்.

சோடா சிரித்தான். "டேய், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுடா. அதப் போயி..."

ஒரு பேச்சுக்கு. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதும்போதுகூடப் பேனா பேப்பரைக் கிழிக்கிறது. என் கை நீண்டுவிட்டது. ஒரு அறை. முன்பல் ஒன்று ஆடியிருக்கும். அவன் ஆட்களைப் பார்த்து, "ஆமாப்பா, அவரு திருடல, போதுமா?" என்று கத்தினான். போதாது. அது என் கைக்குப் பயந்து சொன்னது, கணக்கில் வராது என்று எனக்கே தெரியும். ஆனால் புதுப் பெயிண்டர் வெளியே வந்து, கைக்குட்டையை அவிழ்த்து உதறினார். "அந்த ஒறையப் பிரிச்சுக் குடுத்தாத்தான் இனிமே அடிப்பேன்" என்று பெயிண்ட் அடிக்கிற கன்னை அவன் காலடியில் வைத்தார். அன்று அங்கே வேலை நடக்கவில்லை.

அடுத்து நம் வீட்டுக்குப் போனேன். உன் அண்ணியிடமும் அம்மாவிடமும் நடந்ததைச் சொன்னேன். அம்மா எனக்குப் போட்ட சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உன் வீட்டுக்கு வழி மறக்கவில்லை. ஜன்னல் வரைக்கும் வந்தேன். மாப்பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தெருவில் நின்ற எனக்கு அவர் மூச்சுச் சத்தம் கேட்டது. அம்மியில் ஏதோ அரைப்பது போல. உள்ளே வந்து என்ன சொல்வது? போய்விட்டேன்.

எந்தப் பெயிண்ட், எத்தனை பூச்சு என்று நிதானமாக முடிவு செய்துகொள்.

அண்ணன்.


ஆகஸ்ட் 30

அண்ணாவுக்கு,

நீங்கள் சௌகரியமா? உத்தரவைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன், நீக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அறை விழுந்த இடத்தில் சிரித்தார். ஜன்னல் வந்த இடத்தில், "உள்ள வந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். சோடாவை ஊர் கேட்க அடிக்கத் தெரிந்தது. "நான் நம்பியது தப்பு" என்று மூன்று வார்த்தை எழுத மட்டும் உங்களுக்கு வரவில்லை. கடைசியில் பூச்சுக் கணக்கு கேட்கிறீர்கள்!

அம்மா வந்தார். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

டேங்க் முடிந்தது. பழைய பெயிண்டை வெறும் தகரம் தெரியும்வரை எடுத்தேன், பிரைமர் அடித்தேன், சிவப்பு அடித்தேன். மேலே இரண்டு டின் கலந்த பூச்சு. அதற்கு முகமூடியைத் தலை முழுவதும் மாட்டிவிட்டார்கள். பின்னால் குழாயில் காற்று வருகிறது. அதற்குள் என் மூச்சு எனக்கே கேட்டது, அத்தனை சுத்தமாக, அத்தனை லேசாக. அடித்துக்கொண்டே அழுதேன். கண்ணாடிக்குள் துடைக்கவும் முடியாது. ஒரு குழாய், ஒரு சின்ன மோட்டார். இவ்வளவுதான் அண்ணா. இவ்வளவு அற்பமான ஒன்றை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு ஒரு மனிதனின் நெஞ்சை எடுத்துக்கொண்டிருக்கிறான். என்னால் அவனை ஒரு அறையோடு விட முடியாது.

இறுகிக் காய்ந்த பிறகு அதிலிருந்து விஷம் வராது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பல வாரம் பட்டறையிலேயே வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்தார். மூடி ஓரத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தடவினார். "எங்கயும் வழியல" என்றார். லாரியில் அனுப்பியிருக்கிறேன். பெட்ரோலை ஊற்றியே பாருங்கள்.

இப்போது வேறு விஷயம். டிங்கரும் புதுப் பெயிண்டரும் சேர்ந்து தொழிலாளர் அதிகாரியிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் விசாரணை. பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். இவர் வர மாட்டேன் என்கிறார். "நாலு வார்த்த சேந்தாப்புல வராது. இருமுவேன். மறுபடியும் அவன் முன்னாடி நின்னு இருமணுமா?" என்கிறார். நான் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். நகரவில்லை.

உங்களை ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

தங்கை.


செப்டம்பர் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கேட்கக் கூடாது என்றீர்கள். கேட்கிறேன். திட்டுவதானால் நேரில் திட்டுங்கள்.

இதுவரை உங்களுக்கு என்று நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எல்லாம் தங்கச்சி வழியாகத்தான். டேங்குக்கு என்ன பெயிண்ட் என்று கேட்பதுகூட அவளிடம்தான். உங்களைப் பற்றி ஒருவன் சொன்னதை நம்புவதற்கு முன்னால், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் நம்பியது தப்பு. இதை எழுத எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது, அதுவும் தப்பு.

டேங்க் வந்தது. ஊற்றிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

விசாரணைக்கு நீங்கள் வர வேண்டும். "இல்லை" என்ற அந்த ஒரு சொல்லை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதை வேறு யாரும் சொல்ல முடியாது. வேறு எதுவும் சொல்ல வேண்டாம். இருமல் வந்தால் வரட்டும். அதிகாரி அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காற்றில்லாத அறையை, பிரிக்காத உறையை, "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று அவன் சிரித்ததை எல்லாம் நான் சொல்லிக்கொள்கிறேன். நான் கண்ணால் பார்த்தவன், காதால் கேட்டவன். அவனுக்குச் சிநேகிதனாக இருந்தவன் வேறு.

ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை ஜன்னலோடு திரும்ப மாட்டேன். நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஊரையே கூட்டுகிற மாதிரி கத்துவது எனக்கு நன்றாக வரும் என்று உங்களுக்கே தெரியும். இத்தனை நாளாக அதை உங்கள் மேல் கத்தியே வீணாக்கிவிட்டேன். எனக்கு மூச்சுக்குக் குறைவில்லை மாப்பிள்ளை. அதில் எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்.